பென்சில் வள்ளம் திரும்பிய விதம்

கார்த்திகைப் புயலில் போன கிளீட்டஸின் வள்ளத்தைக் கடலோரக் காவல் கப்பல்கள் தேடி, ஹெலிகாப்டர் தேடி, ஊர் ஆண்கள் தங்கள் சொந்த வள்ளங்களில் நாள்கணக்கில் ஆழ்கடல் வரை போய்த் தேடி, ஒரு மரத்துண்டுகூடக் கிடைக்காமல் எல்லாரும் திரும்பி வந்து, கிறிஸ்துமஸும் கழிந்து, தவக்காலமும் பிறந்த பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் திருப்பலி முடிந்து கோயிலைவிட்டு வெளியே வந்த இராயப்பந்துறை மக்கள், கடலும் வானமும் சேருகிற இடத்தில் ஒரு வள்ளம் நிற்பதைப் பார்த்தார்கள். பென்சிலால் வரைந்த வள்ளம் அது.

சுற்றிலும் கடல் வெயிலில் பச்சையும் நீலமுமாக மின்னிக்கொண்டிருக்க, அந்த வள்ளம் மட்டும் நிறமே இல்லாமல், நாலைந்து கறுப்புக் கோடுகளாக, கோடுகளுக்கு நடுவே தாளின் வெள்ளையோடு இருந்தது. அலை அதன் அடியில் ஏறி இறங்கியது. வள்ளம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஊர்க்காரர்கள் புருவத்துக்குமேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"கிளீட்டஸுக்க வள்ளம்தான்," என்றார் லூர்தையா. வள்ளத்தில் போன நாலு பேரில் வயதில் இளையவனான ஜெபின் அவருடைய மகன். "அணியம் கொஞ்சம் தூக்கி நிக்குது பாத்தியளா? அவன் வாங்கும்போதே அந்த முன்மூக்கு அப்படித்தான் இருந்தது."

ஆமாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாயா குடித்துவிட்டு, கடலுக்குப் போக வேண்டியவர்கள் கடலுக்குப் போனார்கள்.

வரைந்தவள் ஜெனோவா, கிளீட்டஸின் தங்கை. சென்னையில் அனிமேஷன் படித்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் குழந்தைகள் தொடர்களுக்குப் படம் செய்துகொண்டிருந்தாள். படித்த காலத்தில் தாளில் வரையச் சொல்லிக் கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்தபோது தாள் போய்த் திரை வந்திருந்தது. அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. திரையில் வேலை சீக்கிரம் முடியும், கையும் கறுக்காது. புயலுக்குப் பிறகு அண்ணன் மனைவி செல்சிக்குத் துணையாக ஊருக்கு வந்தபோது, மின்கம்பங்கள் எல்லாம் சாய்ந்து கிடந்து, வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் போகவே, சும்மா கிடக்கிற கையை என்ன செய்வதென்று தெரியாமல், பரணில் கிடந்த பழைய தாள்கட்டை இறக்கிக் கடலை வரைய ஆரம்பித்தாள். கரண்ட் வந்து கம்பெனி வேலை மறுபடி தொடங்கிய பிறகும் அவளால் கடலை நிறுத்த முடியவில்லை. காலையில் திரை, மத்தியானத்துக்கு மேல் தாள் என்று நாள்கள் போயின. அவள் வரைந்த கடலில் அலை வந்தது, போனது, மறுபடி வந்தது. வேறு எதுவும் அதில் இல்லை.

செல்சி தினமும் விடிந்ததும் கரைக்குப் போய் நிற்பாள். போன நாலு பேருக்கும் துக்க மணி அடிக்கலாமா என்று பங்குத்தந்தை வலேரியான் வந்து கேட்டபோது, "ஆளக் கண்டீங்களா ஃபாதர்?" என்று கேட்டு அனுப்பிவிட்டவள் அவள்தான். மற்ற வீடுகளிலும் அதையே சொன்னார்கள். வள்ளம் தெரிந்ததற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, அவள் கரையிலிருந்து வந்து, ஈரக்காலோடு ஜெனோவாவின் மேசையருகே நின்று குனிந்து பார்த்தாள்.

"இது கடலா?"

"கடல்தான் மைனி."

"வெறுங்கடலா இருக்கே. ஒரு வள்ளம் வரையேன் மக்களே."

"எங்க வரையணும்?"

செல்சி தாளின் மேல்விளிம்பில், தொட்டும் தொடாமலும் விரலை வைத்தாள். "இங்க. ரொம்பத் தள்ளி. வந்துகிட்டு இருக்காப்ல."

அப்படித்தான் அது வந்தது.

இந்த வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தாளில் வரைந்தது நகர வேண்டுமென்றால் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு தாளாவது வேண்டும். அடியில் விளக்கெரியும் கண்ணாடிமேல் தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, முந்தைய படம் நிழலாகத் தெரியத் தெரிய, அதைவிட மயிரிழை தள்ளி அடுத்ததை வரைய வேண்டும். விரலிடுக்கில் கோத்துப் புரட்டிப் பார்த்தால் அது அசையும். நாள் முழுக்கக் குனிந்து வரைந்து எழுந்தால் இரண்டு நொடி, அதிகம் போனால் மூன்று நொடி. ஜெனோவா வரைந்து முடித்து, எண் போட்டு, வரிசையாக அடுக்கி நூல் கட்டி வைத்தாள் என்றால், மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து சனம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கட்டில் என்ன இருந்ததோ அது கடலில் நடந்தது. வள்ளம் ஓர் அலையில் ஏறும், இறங்கும், ஒரு முழம் முன்னால் வரும், நின்றுவிடும். அவ்வளவுதான். அடுத்த கட்டு வரும்வரை அசையாது.

இரண்டாம் நாள் அது அசைந்ததைப் பார்த்துவிட்டு வந்த செல்சி ஜெனோவாவின் கறுத்த விரல்களைப் பார்த்தாள். "நாளைக்கு இன்னும் கொஞ்சம் கூட வரை," என்றாள்.

ஊர் அந்த வள்ளத்தைத் தன் வழக்கங்களுக்குள் சேர்த்துக்கொள்ள அதிக நாள் பிடிக்கவில்லை. வலை விரிக்கப் போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள், அந்தப் பக்கம் போனால் பென்சில் சீவிய வாசம் அடிக்கிறது என்றார்கள். அதன்மேல் உட்கார்ந்துவிட்டு வரும் கடற்காக்கைகள் காலெல்லாம் கரியாகி, கோயில் சுவரில் மூன்று விரல் தடம் வைத்தன. கோயில் பணிவிடைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மீன்துறையிலிருந்து வந்த அதிகாரி வள்ளத்துக்குப் பதிவெண் இல்லாததைக் குறித்துக்கொண்டு, கரையில் ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனார். வேறொரு ஊரிலிருந்து பெண்பார்க்க வந்தவர்கள் அதென்ன என்று கேட்டபோது, "எங்க ஊர் வள்ளம், வந்துகிட்டு இருக்கு," என்று பெண்ணின் அப்பா சொல்ல, அவர்களும் தலையை ஆட்டிவிட்டு அச்சுமுறுக்கைக் கடித்தார்கள். போனில் படம் பிடித்து எல்லோரும் எல்லோருக்கும் அனுப்பினார்கள். துபாயிலும் மஸ்கட்டிலும் இருந்தவர்கள் பார்த்தார்கள், அப்புறம் யார் யாரோ பார்த்தார்கள், லட்சக்கணக்கான பேர் பார்த்தார்கள், ஒருவர்கூட நம்பவில்லை. கம்ப்யூட்டரில் நன்றாகச் செய்திருக்கிறார்கள் என்று பாராட்டிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விட்டார்கள். அதனால் வெளியாட்கள் தொந்தரவு இல்லாமல் ஊர் தன்பாட்டில் காத்திருந்தது.

காத்திருக்க முடியாதவள் புஷ்பம். அந்த வள்ளத்தில் அவளுடைய கணவன் அடைக்கலமும், உடன்பிறந்த தம்பி பிரிட்டோவும் போயிருந்தார்கள். ஒருநாள் அவள் வந்து ஜெனோவாவின் அறைவாசலில் உட்கார்ந்தாள்.

"இந்தக் கணக்குல வந்தா அவங்க எப்பம்மா கரைக்கு வருவாங்க?"

"வருஷக்கணக்கா ஆகும் மைனி."

"நீ கம்ப்யூட்டர் படிச்ச பிள்ளைல்லா? அதுல சீக்கிரம் செய்ய முடியாதா?"

ஜெனோவாவும் அதை யோசிக்காமல் இல்லை. கம்பெனியில் அவளோடு வேலை செய்த ஹரீஷை வரவழைத்தாள். அவன் நல்ல பையன், விஷயத்தைக் கேட்டதும் லீவு போட்டு வந்தான், முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் கொடுத்தால் நடுவில் வருகிற எல்லாவற்றையும் ஒரு மத்தியானத்தில் போட்டுத் தருகிற புரோகிராமைக் கொண்டுவந்தான். திரையில் வள்ளம் அழகாக வந்து கரை சேர்ந்தது. புஷ்பம் திரையைத் தொட்டுக் கும்பிட்டாள். மறுநாள் காலையில் ஊரே கரையில் நின்றது. கடலில் ஒன்றும் நடக்கவில்லை. பிரின்ட் எடுத்துக் கட்டி வைத்துப் பார்த்தார்கள். அதற்கும் நடக்கவில்லை. ஏன் என்று யாரும் விசாரிக்கவில்லை. ஹரீஷ் மட்டும் ரொம்ப வருத்தப்பட்டு, ஊருக்குத் திரும்பிப் போகும் முன் ஜெனோவாவின் பென்சில்களை எல்லாம் சீவி வைத்துவிட்டுப் போனான்.

அப்போதுதான் ஊர் வரைய உட்கார்ந்தது. ஃபாதர் வலேரியான் கோயில் அரங்கைத் திறந்துவிட்டார். புயலில் சட்டம் பெயர்ந்த ஜன்னல்களின் கண்ணாடியை மேசைகளுக்கு நடுவே பதித்து, அடியில் எல்.இ.டி. பல்புகளை எரியவிட்டு, ஞானோபதேச வகுப்பு டெய்சி டீச்சர், வலை பின்னுகிற பெண்கள், கடலுக்குப் போகாத நாளில் ஆண்கள், பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் என்று வருகிறவர்கள் எல்லாம் உட்கார்ந்தார்கள். முக்கியமான படங்களை ஜெனோவா வரைந்தாள். அவற்றுக்கு இடையில் வரும் படங்களை, இங்கிருந்து இவ்வளவு, அங்கிருந்து இவ்வளவு என்று அவள் சொன்னபடி, அவர்கள் வரைந்தார்கள். வலைக்கண்ணை ஒரே அளவாகப் பின்னிப் பழகிய விரல்களுக்கு அந்த இடைவெளி வெகு சீக்கிரம் பிடிபட்டது. பங்குனி வெயிலில் அரங்குக்குள் தாள் புரளும் சத்தம் இலை உதிர்வதுபோல் கேட்டுக்கொண்டேயிருந்தது. வள்ளம் நாளுக்கு நாள் பெரிதாகி வந்தது.

பெரிதாக ஆக, கஷ்டமும் கூடியது. தூரத்தில் இருந்தவரை நாலு மனிதர்கள் என்றால் நாலு கோடு போதும். கிட்டே வந்தால் அவர்களுக்குத் தோள் வேண்டும், முழங்கை வேண்டும், பிறகு கண்ணும் வாயும் வேண்டும். ஜெனோவா வீடு வீடாகப் போனாள். போட்டோக்களை எடுத்துக் கொடுத்தார்கள். அவள் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அவன் எப்படி நிப்பான், எப்படி எழும்புவான்? அதச் செய்து காட்டுங்க," என்றாள்.

லூர்தையா தன் வீட்டுக்குப் பின்னால் மணலில் நின்று, மகன் நங்கூரக் கயிறு இழுப்பதைச் செய்து காட்டினார். இடது காலை முன்னால் வைத்து, உடம்பைச் சாய்த்து, கயிறு பாதி வந்ததும் ஒரு தடவை உள்ளங்கையில் துப்பி, மறுபடி இழுத்தார். அறுபது வயதுக்காரரின் உடம்பு சிறிது நேரத்துக்கு இருபது வயதுப் பையனின் உடம்பாக ஆவதை அவருடைய மனைவி கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இழுத்து முடித்துவிட்டு அவர் இல்லாத கயிற்றைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"இன்னொரு தடவை செய்யுங்க," என்றாள் அவருடைய மனைவி.

செய்தார். பிறகு சாயங்காலம்வரை செய்தார்.

உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு வள்ளம் கூப்பிடு தூரத்துக்கு வந்துவிட்டது. கரையில் நின்றே முகங்கள் தெரிந்தன. பின்பக்கத்தில் இன்ஜின் பிடியில் கை வைத்துக் கிளீட்டஸ், நடுவில் அடைக்கலம், அவனைவிட்டு எட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரிட்டோ, முன்னால் வெற்றுடம்போடு ஜெபின். பெண்கள் தண்ணீரில் இறங்கி நின்று பேசினார்கள். வீட்டுக்கூரை மாற்றியதை, ஆடு குட்டி போட்டதை, யார் யார் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறார்கள் என்பதைச் சொன்னார்கள். ஜெனோவா காதை வரைந்திருந்தாள், ஆனால் கேட்பதை எப்படி வரைவது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாலு பேரும் கரையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

லூர்தையாவுக்குத் தாங்கவில்லை. கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய், வள்ளத்தின் பக்கத்தில் நிறுத்தி, மகனின் கையைப் பிடித்தார். அது தாள்போல் இருந்தது, லேசாகச் சுட்டது, வெயிலில் இருந்ததனால் என்று பிறகு சொன்னார். பிடியை எடுத்தபோது ஜெபினின் மணிக்கட்டு அங்கே இல்லை; ஒரு சாம்பல் தீற்றல்தான் இருந்தது. மகனின் மணிக்கட்டு அவருடைய உள்ளங்கையில் கறுப்பாக ஒட்டியிருந்தது. திரும்பி வந்து அரங்கில் ஜெனோவாவிடம் கையை விரித்துக் காட்டி, "அழிச்சுட்டேன் மக்களே," என்றார். ஜெனோவா அன்றைய கட்டில் மணிக்கட்டைப் புதிதாக வரைந்து வைத்தாள். அவர் அந்தக் கையைக் கழுவாமல், இடது கையால் சோறு சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு இன்னொன்று நடந்தது. ஒருநாள் காலையில் கிளீட்டஸ் சிரித்தான். கரையில் நின்றவர்கள் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள். செல்சி மட்டும் தண்ணீரைவிட்டு ஏறி, நேரே அரங்குக்கு வந்து, அன்றைய தாள்களை வரைந்தது யார் என்று கேட்டாள். டெய்சி டீச்சர் எழுந்து நின்றார்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கீங்க டீச்சர்," என்றாள் செல்சி. "ஆனா அது உங்க சிரிப்பு."

டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. தப்பு அவருடையது இல்லை. எல்லாரும் தங்களுக்குத் தெரிந்த சிரிப்பையும் தங்களுக்குத் தெரிந்த கையையும்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். அடைக்கலம் வள்ளத்துக்குள் இரண்டு எட்டு வைத்தபோது அதில் கோயில்பிள்ளையின் நொண்டல் கொஞ்சம் வந்திருந்தது. ஜெனோவா எல்லாத் தாள்களையும் தானே வரையலாம் என்றால், அவளுக்குத் தோள் தூக்க முடியாதபடி வலி. வலியை விடுங்கள், தனியாக உட்கார்ந்து அண்ணன் முகத்தை வரைந்த மத்தியானங்களில், அவளுக்கும் அது அண்ணனா, தான் வரைந்து வரைந்து பழகிய ஒரு முகமா என்று தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வைகாசி பிறந்து, இடவப்பாதிப் பருவமழை எந்த நாளும் இறங்கலாம் என்று மேகம் கூடியபோது, ஃபாதர் ஊரைக் கூட்டினார். வள்ளத்துக்கும் மணலுக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் தண்ணீர்தான் இருந்தது. எல்லாரும் ஜெனோவாவைப் பார்த்தார்கள்.

"கரை ஏத்திரலாம்," என்றாள் ஜெனோவா. "ஒரு வாரம் போதும். அதுக்குப் பிறகுதான் எனக்குப் பயமா இருக்கு. கரைக்கு வந்தா வீட்டுக்கு நடக்கணும். நடக்கத் தாள் வேணும். ஒரு வாய் சாயா குடிக்க எத்தன தாளு, திரும்பிப் படுக்க எத்தன தாளு. நம்ம கை ஓய்ஞ்ச நேரம், கிளாஸ வாய்கிட்ட வச்சுக்கிட்டு அப்படியே நிப்பாவ."

"நிக்கட்டும்," என்றாள் புஷ்பம். "வீட்டுக்குள்ள நிக்கட்டும். நான் தூசி தட்டி வச்சுக்குவேன்."

செல்சிதான் மெதுவாகச் சொன்னாள். "இப்பவே சிரிப்பு மாறிட்டு புஷ்பம். இன்னும் ஒரு வருஷம் போனா நம்ம வீட்டுல நிக்கது யாரு? வேண்டாம். வந்த வழிக்கு அனுப்பிரலாம்."

"உனக்கு ஒரு ஆளு. எனக்கு ரெண்டு பேரு," என்றாள் புஷ்பம். "உனக்குச் சொல்ல எளுப்பம்."

ஃபாதர் வலேரியான் எல்லாரையும் ஜெபிக்கச் சொன்னார். கூட்டம் ஒரு முடிவும் இல்லாமல் கலைந்தது.

மறுநாள் பகலில் மழை வந்தது. முதல் துளிகள் மணலைப் பொத்தல் போடும்போதே புஷ்பம் குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள். லூர்தையா கட்டுமரத்தைத் தள்ளி அவளை வள்ளத்தருகே கொண்டுபோனார். அவள் எழுந்து நின்று, ஆடுகிற மரத்தில் காலை ஊன்றி, குடையைக் கணவன் தலைக்குமேல் பிடித்தாள், தம்பி நனைந்தான். தம்பிக்குப் பிடித்தாள், கணவன் நனைந்தான். காற்று மழையைச் சரித்துக்கொண்டு வந்து இருவர் மேலும் அடித்தது. பிரிட்டோவின் கன்னத்தில் ஒரு கோடு இளகி, தாடையில் வழிந்து, கழுத்தில் இறங்கி, கடலில் கறுப்பாகக் கலந்தது. கண்ணும் இளகத் தொடங்கியபோது அவள் குடையை மடக்கிவிட்டாள். கரைக்கு வந்து, நனைந்த சேலையோடு அரங்கின் வாசலில் நின்று, "அனுப்பிரு ஜெனோவா," என்றாள். "கண்ணு கரையுதத என்னால பாக்க முடியாது."

அன்று மாலைக்குள் ஊர் ஆண்கள் நாலு கட்டுமரங்களில் கழி நட்டு, வள்ளத்துக்குமேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டினார்கள். அனுப்பும்வரை இனி நனையக் கூடாது என்றார்கள்.

எப்படி அனுப்புவது என்பதில் டெய்சி டீச்சர் ஒரு யோசனை சொன்னார். வந்தபோது வரைந்த தாள்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றைத் தலைகீழ் வரிசையில் கட்டி வைத்தால் போதுமே, வந்த வழியே போய்விடும். ஜெனோவா லூர்தையாவைப் பார்த்தாள்.

"பின்பக்கமா போறதா?" என்று லூர்தையா கேட்டார். "கரையப் பாத்துக்கிட்டே, நண்டு மாதிரி? அது வேண்டாம் டீச்சர். வேலைக்குப் போறவன் போற மாதிரி, அணியத்தக் கடலுக்குத் திருப்பிக்கிட்டுப் போகட்டும்."

அதற்கு வள்ளம் திரும்ப வேண்டும். தாளில் வரைகிறவர்களுக்குத் தெரியும், நேரே வருவதையும் நேரே போவதையும் எப்படியாவது வரைந்துவிடலாம். ஒரு வள்ளம் நாலு ஆளைச் சுமந்துகொண்டு தண்ணீரில் திரும்புவதை, ஒவ்வொரு தாளிலும் அதன் ஒவ்வொரு பலகையும் வேறு கோணத்தில் தெரிய வரைவது, கையை முறிக்கிற வேலை. ஜெனோவா வரைந்து பார்த்தாள், கோணியது. மறுபடி வரைந்தாள், வள்ளம் வாழைமட்டைபோல் வளைந்தது. அப்போது ஆண்கள் போய், கிளீட்டஸின் வள்ளத்தோடு ஒரே நாளில் வாங்கிய இன்னொரு வள்ளத்தைக் கோயில் முன்னால் மணலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஜெனோவா கோயில் படிக்கட்டில் பலகையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். ஊர் ஆண்கள் இருபக்கமும் தோள் கொடுத்து வள்ளத்தைத் தூக்கி ஒரு சாண் திருப்பி வைத்தார்கள், அவள் அதை வரைந்தாள், "திருப்புங்க," என்றாள், தூக்கி மறுபடி ஒரு சாண் திருப்பினார்கள். வள்ளத்துக்குள் நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் நாலு பெண்கள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள், எடை சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக. மழை வந்தால் அப்படியே நனைந்தார்கள், ஜெனோவாவுக்கு மட்டும் குடை பிடித்தார்கள். இப்படி ஒரு வள்ளம் கடலே இல்லாமல் மணலில், மனிதத் தோள்களின்மேல், மெல்ல மெல்ல முழுவதுமாகத் திரும்பியது.

அந்த நாள்களில் ஒவ்வொரு வீட்டாரும் ஜெனோவாவிடம் வந்து ஒன்று கேட்டார்கள். லூர்தையா, ஜெபினுக்கு ஒரு சட்டை வரைந்துவிடச் சொன்னார், மழைக்காலம் அல்லவா என்றார். புஷ்பம் ரொம்ப நேரம் தயங்கிவிட்டு, அடைக்கலமும் பிரிட்டோவும் அந்தக் கடைசி மாதம் பேசிக்கொள்ளாமல் இருந்ததைச் சொல்லி, இருவரையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்க முடியுமா என்று கேட்டாள். வரைகிறேன் என்றாள் ஜெனோவா. செல்சி கடைசியாகக் கேட்டாள்.

"வள்ளம் திரும்பின பிறகு, போகும்போது, ஒரே ஒரு தடவ என்னத் திரும்பிப் பாக்கணும்."

"அண்ணன் திரும்பிப் பாப்பாவ மைனி."

அந்தத் தாள்களை ஜெனோவா யாரையும் தொடவிடவில்லை. கழுத்து திரும்புவதை, தோள் சற்றே அதோடு வருவதை, கண் கரையில் தேடி ஓரிடத்தில் நிற்பதை, எல்லா இடைப்படங்களையும் தானே வரைந்தாள். தன் வாழ்நாளில் அவள் வரைந்ததிலேயே நல்ல படங்கள் அவை. பிறகு வள்ளம் தூரம் போகப் போக வேலை குறைந்துகொண்டே வந்தது. முகம் வேண்டாம், கை வேண்டாம், ஆளுக்கொரு கோடு போதும் என்று ஆகிவந்த அந்தக் கடைசித் தாள்களை ஒரு குழந்தைகூட வரைந்துவிடும். அவைதான் அவளுக்கு நாள்கணக்கில் பிடித்தன.

எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்த மறுநாள் காலையில், மழை விட்டிருந்தது. தார்ப்பாயை அவிழ்த்தார்கள். திருப்பலி முடிந்து ஊர் கரையில் வந்து நின்றது. ஃபாதர் உடையைக்கூட மாற்றாமல் வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் பென்சில் வள்ளம் அசைந்தது, அணியத்தை மெல்லக் கரையிலிருந்து விலக்கியது, ஒவ்வொரு பலகையாகக் காட்டிக்கொண்டு, ஒரு கோடுகூடக் கோணாமல், நாலு பேரின் எடையோடு திரும்பியது. தோள் கொடுத்த ஆண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரவர் இடத்தில் லேசாகச் சாய்ந்தார்கள். ஜெபின் சட்டை போட்டிருந்தான். அடைக்கலமும் பிரிட்டோவும் ஒரே பலகையில் தோள் உரச உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பம் வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள். கிளீட்டஸ் பின்பக்கத்தில், கரைக்கு முதுகு காட்டி, இன்ஜின் பிடியில் கை வைத்திருந்தான்.

ஜெனோவா உதட்டுக்குள் தாள்களை எண்ணிக்கொண்டிருந்தாள். கழுத்து திரும்ப வேண்டிய தாள் வந்தது. கிளீட்டஸ் திரும்பவில்லை. தோள் அசைய வேண்டிய தாளும் வந்தது, கடந்து போனது. அவன் முன்னால் இருந்த கடலைப் பார்த்துக்கொண்டு, பிடியை ஒருமுறை இறுக்கிப் பிடித்தான். அதை அவள் வரையவே இல்லை. வள்ளம் ஓர் அலையில் ஏறி இறங்கியது, இன்னோர் அலையில் ஏறி இறங்கியது, ஆட்கள் கோடுகளானார்கள், கோடுகள் கூடி ஒரு கோடானது, பிறகு கடல் மட்டும் இருந்தது.

ஜெனோவா செல்சியின் கையைப் பிடித்தாள்.

"நான் வரைஞ்சேன் மைனி. சத்தியமா வரைஞ்சேன். திரும்பிப் பாக்குறாப்லதான் வரைஞ்சேன்."

"தெரியும்," என்றாள் செல்சி.

அவள் இன்னும் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒருநாளும் பாத்தது கிடையாது. கெளம்பும்போது திரும்பிப் பாத்தா மீன்பாடு கிடைக்காதுன்னு அவியளுக்கு ஒரு நெனப்பு. நான் இங்க நின்னு எத்தன தடவ கூப்பிட்டிருக்கேன், வீட்டுக்கு வந்த பெறகு எத்தன சண்ட போட்டிருக்கேன். பாக்கவே மாட்டாவ."

அவளுடைய முகம் அப்போதுதான் உடைந்தது. மணலில் அப்படியே உட்கார்ந்தாள். ஜெனோவாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். செல்சி அவளுடைய கறுத்த விரல்களை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இத்தன நாளும் இங்க வந்து நின்னது நீ வரைஞ்ச ஆளு மக்களே," என்றாள். "இப்ப போனது எனக்க மாப்பிள."